பிள்ளை சாப்பிட்ட பக்கற்றுக்குக் காசு கட்ட மறந்தால் என்ன செய்வது? திருகோணமலைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமான் வாங்கப் போனால் இது யாருக்கும் நடக்கலாம். பிள்ளை அழும். ஒரு பிஸ்கட் பக்கற்றையோ யோகட்டையோ எடுத்துக் கையில் கொடுப்போம், பில் போடும்போது சேர்த்துவிடலாம் என்று நினைப்போம். கவுண்டருக்கு வந்தால் பின்னால் ஆட்கள் நிற்பார்கள், பிள்ளை இறங்கி ஓடும், காசு எடுக்கிற அவசரத்தில் அந்தப் பக்கற் கணக்கில் வராமலே போய்விடும்.

திருகோணமலைக்கு இடமாற்றத்தில் வருகிற ஆசிரியர், தாதியர், வங்கி ஊழியர் குடும்பங்கள் நிறைய. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கிறவர்களும் உண்டு. ஊர் புதிது, கடை புதிது, அங்கே யாரிடம் பேசுவது, எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் தடுமாறிவிடுகிறார்கள். என் தங்கச்சிக்கு இப்படி நடந்து, ஒரு யோகட்டுக்காக அவளோடு நானும் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு வந்த அன்றே நீங்களாகப் போய், சொல்லி, காசு கட்டி, அதற்குப் பில்லும் வாங்கிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதும், வாசிக்காமல் கையொப்பம் வைப்பதும்தான் சிக்கலைக் கொண்டுவருகின்றன.

1. எங்கே நிற்கும்போது நினைவு வந்தது?

இன்னும் கடைக்குள் நிற்கிறீர்கள் என்றால் பிரச்சினையே இல்லை. நேரே கவுண்டருக்குப் போய் வெறும் உறையைக் கொடுங்கள். அதில் இருக்கிற பார்கோட்டை வைத்தே பில் போடுவார்கள்.

பில் போட்டு முடிந்து கவுண்டரைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் வாசலைத் தாண்டவில்லை என்றால் உடனே திரும்புங்கள். வரிசையில் மறுபடி நிற்க வேண்டியதில்லை. பில் போட்ட அதே ஆளிடம் பக்கத்திலிருந்து சொன்னால் போதும்.

வெளியே வந்து ஓட்டோவிலோ பஸ்ஸிலோ ஏறிய பிறகு நினைவு வந்தால் முதலில் பில்லைப் பாருங்கள். பாதி நேரம் கேஷியர் பிள்ளையின் கையைப் பார்த்துச் சேர்த்திருப்பார், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். பில்லில் இல்லை என்று உறுதியான பிறகு திரும்புங்கள். டொக்யார்ட் வீதியிலோ என்.சி. வீதியிலோ பிள்ளையோடும் பைகளோடும் வெயிலில் திரும்பி நடக்க முடியாது என்றால், வீட்டில் சாமானை இறக்கிவிட்டு அன்று மாலைக்குள் போனாலும் சரி. அன்றைய நாள் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

நிறுத்து விற்கிற பொருளில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை சாப்பிட்டது வாழைப்பழமோ திராட்சையோ என்றால் பார்கோட்டும் இல்லை, எடையும் இல்லை. அதே அளவான இன்னொரு பழத்தை நிறுத்து அதன் விலையைப் போடும்படி கேளுங்கள். திராட்சை என்றால் சாப்பிட்டதைவிடக் கொஞ்சம் கூடவே நிறுக்கச் சொல்லுங்கள்.

2. கையில் கொண்டுபோக வேண்டியவை

அன்றைய பில். அதில் நேரமும் பில் இலக்கமும் இருக்கும். நீங்கள் எப்போது, எந்தக் கவுண்டரில் நின்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

வெறும் உறை, கப், போத்தல் எதுவாக இருந்தாலும் கழுவிக்கூடப் போட வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள். குப்பையில் போய்விட்டால், பெயரும் கிராம் அளவும் ஞாபகம் இருந்தால் போதும், அலமாரியிலிருந்து அதே பொருளை எடுத்துக் காட்டலாம். ஆனால் எடுத்துக்கொண்டு நடக்காமல், ஊழியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சில்லறைக் காசு. நூறு, நூற்றைம்பது ரூபாய் பொருளுக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் சின்ன வேலையும் இழுபடும். உறையில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைதான் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.

அடையாள அட்டை பையில் இருக்கட்டும். நீங்களாக எடுத்து நீட்டத் தேவையில்லை.

பிள்ளையைக் கூட்டிப்போவதா என்று கேட்பார்கள். முடிந்தால் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பப் போன இடத்தில் அடுத்த பக்கற்றைத் தூக்கிவிட்டால் மறுபடியும் அதே கதைதான்.

3. யாரிடம், என்ன சொல்வது?

வாசலில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கதையைத் தொடங்க வேண்டாம். அவருக்குக் காசு வாங்கும் அதிகாரம் இல்லை. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி விளங்கிக்கொள்ளவும் கூடும். கேஷியரிடமோ, கடைப் பொறுப்பாளரிடமோ பேசுங்கள்.

நீளமாக விளக்க வேண்டாம். "தங்கச்சி, காலையில் சாமான் வாங்கினேன், இதுதான் பில். பிள்ளை கையில் வைத்திருந்த இந்தப் பக்கற்றுக்குக் காசு கட்ட மறந்துவிட்டேன். இப்போது பில் போட்டுத் தாங்கோ." இது போதும். உங்களைவிட வயதில் மூத்தவர் நின்றால் அண்ணா, அக்கா. முஸ்லிம் கடையில் என்றால் நானா, ராத்தா. இந்த ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்வோம், கேட்கிறவருக்கும் இதமாக இருக்கும்.

கவுண்டரில் தமிழ் தெரியாத ஒருவர் நின்றால் உறையைக் காட்டி, "மேகட்ட கெவன்ன அமதக வுணா" என்று சொல்லுங்கள். இதற்குக் காசு கட்ட மறந்துவிட்டது என்று சிங்களத்தில் பொருள். உறையும் பழைய பில்லும் கையில் இருந்தால் மீதியை அவரே விளங்கிக்கொள்வார்.

"பரவாயில்லை, விடுங்க" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனாலும் பில் போடச் சொல்லுங்கள். கையிருப்புக் கணக்கில் குறைவு வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அங்கே நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஊழியர்களைத்தான். அதோடு, பில் இருந்தால்தான் நீங்கள் கட்டியதற்கு ஆதாரமும் இருக்கும். காசைக் கவுண்டரில் வைத்துவிட்டு நடப்பதில் இரண்டு பேருக்கும் பயனில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது.

"போகட்டும், அந்தக் காசைப் பத்திரகாளி அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அம்மனுக்குப் போடுவதைப் போடுங்கள், தடுக்கவில்லை. கடைக்குரிய காசு கடைக்குத்தான் போக வேண்டும்.

4. அன்றே திரும்பிப் போக முடியாவிட்டால்

கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து நகருக்கு வந்து சாமான் வாங்குகிறவர்கள் பலர். வீட்டுக்குப் போன பிறகு நினைவு வந்தால், ஒரு யோகட்டுக்காகத் திரும்பி வருகிற பஸ் காசே பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஓட்டோ என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரிய கடை என்றால் பில்லின் தலைப்பில் தொலைபேசி இலக்கம் இருக்கும். அன்றே எடுத்துப் பேசுங்கள். பில் இலக்கம், நேரம், பொருளின் பெயர் மூன்றையும் சொல்லி, எந்த நாளில் வந்து கட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள். பேசியவரின் பெயரைக் கேட்டுப் பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள். தொலைபேசியின் அழைப்புப் பதிவில் அந்த நேரமும் நிற்கும்.

நகரில் வேலை செய்கிற உறவினர் இருந்தால் அவர் மூலம் கட்டலாம். பில்லின் படத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். கடையில் அதே கிளை முக்கியம். ஒரே பெயரில் வேறு ஊரில் இருக்கிற கிளையில் கட்டினால் இங்கே கணக்குச் சரியாகாது.

சொன்ன நாள் வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல பூட்டியிருக்கும், அதைத் தவிர்த்துப் போங்கள். மாலையில் வேலை விட்டு வருகிற கூட்டத்துக்குள் போனாலும் பொறுப்பாளரைப் பிடிப்பது கஷ்டம். காலை பத்து மணிக்குப் பிறகு ஆறுதலாகப் பேசலாம்.

5. வாசலில் நிறுத்திவிட்டால்

இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் நினைவுகூரும் முன் அவர்களே கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். "பிள்ளை அங்கே இருக்கட்டும், நீங்கள் இங்கே வாங்க" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அடுத்தது, ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, "நான் எடுக்கவே இல்லை" என்று பதற்றத்தில் சொல்லவும் கூடாது. இல்லை என்று சொன்ன பிறகு பிள்ளையின் கையில் உறை இருந்தால், மறதி என்று நீங்கள் பிறகு சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். "பிள்ளைக்குக் கொடுத்தேன், பில்லில் சேர்க்க மறந்துவிட்டேன், இப்போதே கட்டுகிறேன்" என்று சொல்லி, வாங்கிய மற்றச் சாமான்களின் பில்லையும் காட்டுங்கள். இத்தனை சாமானுக்குக் காசு கட்டியவர் ஒரு பக்கற்றை ஒளிக்க நினைத்திருக்க மாட்டார் என்பது அதைப் பார்க்கிற யாருக்கும் விளங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த நேரம் கால் நடுங்காது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவின்படி, நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் பொருளை எடுப்பதுதான் களவு. எண்ணம் இல்லாத மறதி களவாகாது. 367ஆம் பிரிவில் களவுக்கு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனையோ குற்றப்பணமோ உண்டு என்பதால், "களவு" என்ற சொல்லைச் சும்மா ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பிள்ளையைப் பற்றிய பயமே வேண்டாம். 2018இல் செய்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது எதுவும் குற்றமாகாது.

இனி, பொறிகள். பொருளின் விலையைப் போலப் பத்து மடங்கு கட்டு, இருபது மடங்கு கட்டு என்று கேட்கிற கடைகள் இருக்கின்றன. குற்றப்பணம் விதிக்கிற அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. பொருளின் விலையைக் கட்டுகிறேன், அதற்கு மேல் கேட்டால் என்ன காரணத்துக்கு என்று எழுதிப் பில் தாருங்கள் என்று சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னவுடன் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

என் தங்கச்சியை அலைய வைத்தது ஒரு தாள். உள்ளே ஒரு அறையில் இருத்தி, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டி, "கையொப்பம் வைத்தால் போகலாம்" என்றிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அவளும் வைத்துவிட்டாள். அதில் களவெடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாளைத் திரும்ப வாங்கத்தான் அத்தனை அலைச்சலும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பொலிஸ் நிலையத்தைவிடக் கடையின் பின் அறையில் வைக்கிற கையொப்பம் ஆபத்தானது. தமிழில் இருந்தாலும் வைக்க வேண்டாம். கட்டாயம் வைக்கத்தான் வேண்டும் என்று நிற்பார்களானால், "இன்ன பொருளுக்குக் காசு கட்ட மறந்தேன், இன்ன நேரத்தில் கட்டிவிட்டேன்" என்று உங்கள் கையால் தமிழில் எழுதி, நாளும் நேரமும் போட்டு, அதைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. சுவரில் ஒட்டுவதற்குப் படம் எடுக்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள், பிள்ளையின் முகத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைச் சோதிப்பது என்றால் இன்னொரு பெண்தான் சோதிக்கலாம், அதுவும் மரியாதையாக. உங்களை நிறுத்திவைக்கக் கடைக்கு ஓரளவு உரிமை உண்டு என்றாலும், பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருப்பது. மணிக்கணக்கில் அறைக்குள் வைத்திருக்க முடியாது. அப்படி வைத்திருந்தால் நீங்களே 119ஐ அழையுங்கள். அழைத்தால் நமக்குத்தான் கெடுதல் என்று பலர் பயப்படுகிறார்கள். தவறான எண்ணம் இல்லாதவர் தானே பொலிஸை அழைப்பது அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

6. பொலிஸ் நிலையம் வரை போய்விட்டால்

அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைக்குத் தண்ணீர், மாற்றுடுப்பு, பால்போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். நிலையத்தில் காத்திருப்பது நீளும்.

வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, இது உங்களுக்கு யாரும் செய்கிற உபகாரம் இல்லை. எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், திருத்தவோ சேர்க்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகே கையொப்பம். பில், உறை, பிறகு கட்டிய பில் எல்லாவற்றையும் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கட்டும்.

புதிதாக வந்தவர்கள் விழுகிற பொறி ஒன்று: அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசமோ மட்டக்களப்பு விலாசமோ இருக்கும். அதையே எழுதிவிட்டால், பிறகு அழைப்பாணை வந்தால் அது அங்கே போகும், இங்கே உங்களுக்குத் தெரியாமலே தவணை போய்விடும். இப்போது இருக்கிற வீட்டின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சட்டத்தரணி ஒருவர் உங்களுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வரலாம், அதற்கென்று 2012இல் விதிகளே வந்திருக்கின்றன. தனியாகச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையம் இருக்கிறது. வருமானத்தைக் காட்டும் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், அடையாள அட்டையின் பிரதி ஆகியவற்றோடு போனால் வேலை சுலபம். கைதுசெய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

கடைக்காரர் சமாதானமாகப் போகச் சம்மதித்தால் வாயால் சொன்னதோடு எழும்பி வந்துவிட வேண்டாம். முறைப்பாட்டை மேற்கொண்டு நடத்தவில்லை என்பதையும் பதிவில் எழுதச் சொல்லி, அந்தப் பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விசாவுக்கோ வேலைக்கோ பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கிற நாளில் இந்தக் குறிப்பு தேவைப்படலாம். குடும்பத்தில் ஒருவராவது வெளிநாடு போக எழுதிப் போட்டிருக்கிற ஊர் இது, இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

7. சின்னக் கடை, சந்தை, பாண் ஓட்டோ

சந்திக் கடைகளில் இவ்வளவும் தேவையில்லை. அடுத்த தடவை போகும்போது "நானா, அன்றைக்குப் பிள்ளை ஒரு லொலிப்பொப் எடுத்தது, காசு தரவில்லை" என்றால் சிரித்துக்கொண்டு வாங்கிப் போடுவார். பில் கேட்கத் தேவையில்லை. உங்கள் பெயரில் கடன் கொப்பி இருந்தால் மட்டும் அதில் எழுதாமல் அப்போதே கையில் கொடுங்கள், இரண்டு முறை கணக்காகிவிடும்.

பாண் ஓட்டோவில் பிள்ளை ஒரு பணிஸை எடுத்துக் கடித்திருக்கும், நீங்கள் பார்க்கும் முன் வண்டி போய்விடும். அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே பாட்டோடு வரும், சில்லறையை வாசலில் எடுத்துவையுங்கள். சந்தையில் கச்சான் விற்கிற அம்மாவுக்கும் கடற்கரையில் வண்டியில் விற்கிறவருக்கும் அன்றைக்கே திரும்பிப் போய்க் கொடுங்கள். இருபது ரூபாயும் அவர்களுக்கு அன்றைய கணக்கு. நாளைக்கு அதே இடத்தில் நிற்பார்கள் என்று நிச்சயமும் இல்லை.

8. அடுத்த முறை போகும்போது

பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உள்ளே நுழைந்தவுடன் அந்த ஒன்றை மட்டும் எடுத்து, முதலில் பில் போட்டுவிட்டுக் கொடுங்கள். இரண்டு பில் வரும், அதனால் ஒன்றும் இல்லை. அப்படி முடியாவிட்டால் உறையைப் பிள்ளையிடம் விடாமல் உங்கள் காசுப்பைக்குள் காசோடு சேர்த்து வையுங்கள். காசெடுக்கத் திறக்கும்போது அது கையில் தட்டுப்படும்.

2025 நவம்பரிலிருந்து கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகத் தருவதில்லை, அதனால் எல்லோரும் வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் சாமானை அந்தப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அடியில் கிடக்கிற ஒரு சொக்லட் பில்லுக்கு வராமலே வாசல் வரை போய்விடும். கடையின் கூடையில் போடுங்கள், துணிப்பையைக் கவுண்டரில்தான் விரிக்க வேண்டும். பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனால் பில் போடும் முன் அதன் மூடியையும், கீழ்த்தட்டையும், பிள்ளையின் மடியையும் ஒரு தரம் பாருங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற தட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்து மடிக்குள் வைத்துக்கொள்ளும்.

பில்லை வாங்கியவுடன் படம் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாள் போகப் போக மங்கும், நம் ஊர் வெயிலில் ஓட்டோவின் முன் தட்டில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் வெளுத்துவிடும்.